பந்தயத்தின் விலை என்ன? – வாசகர் கேள்வி பதில்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களிலிருந்து சூதாட்டம் பற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகத் தொகுத்திருக்கிறோம். 'ஆடாதீர்கள்' என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடலாம். ஆனால் எழுதியவர்கள் கணக்குக் கேட்டிருக்கிறார்கள். கணக்கையே தருகிறோம், முடிவு உங்கள் கையில்.

கேசினோவில் புத்திசாலித்தனமாகப் பந்தயம் கட்ட முடியுமா?
– கல்லூரி மாணவர், பெரம்பலூர்

முடியும். அந்தப் புத்திசாலித்தனத்தால் கிடைப்பது நிதானமான தோல்வி. விலை கேட்காமல் யாரும் டீ வாங்கிக் குடிப்பதில்லை. பந்தயத்துக்கும் விலை உண்டு, அதை மட்டும் யாரும் கேட்பதில்லை.

ரூலெட் சக்கரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பூஜ்யத்தோடு சேர்த்து 37 எண்கள். நீங்கள் காசு வைத்த எண் விழுந்தால் ஒன்றுக்கு 35 தருவார்கள். 37 பேர் ஆளுக்கொரு எண்ணில் 100 ரூபாய் வைக்கிறார்கள் என்று வையுங்கள். மேசைக்கு வந்தது 3,700. ஜெயித்தவருக்குப் பரிசு 3,500, அவர் வைத்த 100, ஆக 3,600 போகிறது. மிச்சம் 100 கல்லாவுக்கு. எந்த எண் விழுந்தாலும் அந்த 100 நிச்சயம். நூற்றுக்கு 2 ரூபாய் 70 காசு. இதுதான் அந்தப் பந்தயத்தின் விலை. தொழிலில் 'ஹவுஸ் எட்ஜ்' என்பார்கள். நாம் கல்லாப் பங்கு என்போம்.

அமெரிக்கச் சக்கரத்தில் இரட்டைப் பூஜ்யம் கூடுதலாக இருக்கும். எண்கள் 38, பரிசு அதே 35. கல்லாப் பங்கு 5 ரூபாய் 26 காசாக ஏறிவிடுகிறது. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் சுற்றினால் ஒற்றைப் பூஜ்யச் சக்கரத்துக்குப் போங்கள். ரூலெட்டில் புத்திக்கு உள்ள வேலை அவ்வளவுதான்.

நண்பர்கள் கோவா போகிறோம். ஆளுக்கு 5,000 ரூபாய்க்கு மேல் எடுத்துப் போவதில்லை என்று முடிவு. நீங்கள் சொல்லும் கணக்குப்படி நஷ்டம் 135 ரூபாய்தானே?
– நண்பர்கள் குழு, வேப்பந்தட்டை

2.70 என்பது பையில் கொண்டுபோகும் பணத்துக்கு இல்லை, மேசையில் வைக்கும் ஒவ்வொரு பந்தயத்துக்கும். சுற்றுக்கு 500 ரூபாய், மணிக்கு 40 சுற்று, மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் 120 பந்தயம். ஜெயித்ததையே திரும்பத் திரும்ப வைப்பதால், 5,000 ரூபாய் வைத்திருப்பவரும் 60,000 ரூபாய்க்குப் பந்தயம் கட்டி முடித்திருப்பார். அதில் கல்லாப் பங்கு 1,620. இரட்டைப் பூஜ்யச் சக்கரமானால் சுமார் 3,160. இதுவும் சராசரிதான். சிலர் லாபத்தோடு எழுவார்கள். 5,000-மும் போய் வெறுங்கையோடு எழுபவர்களும் நிறைய.

விலையை ஏற்றுவது வேகம். ஸ்லாட் மெஷினில் நிமிடத்துக்குப் பத்து முறை பொத்தானை அழுத்தலாம். மணிக்கு 600 பந்தயம். 20 ரூபாய்ப் பந்தயம் என்றாலும் மணிக்கு 12,000 புரண்டுவிடும். ஆகவே கூட்டமான, மெதுவான மேசை, சிறிய பந்தயம், அடிக்கடி எழுந்துபோய் நடப்பது. இந்த மூன்றும் எந்த 'டெக்னிக்'கையும்விட அதிகம் காப்பாற்றும்.

சில்லு வாங்குமுன் ஒன்று கேளுங்கள். கேசினோ மீதான ஜி.எஸ்.டி. 2023 அக்டோபரில் முழுத் தொகைக்கும் 28 சதவீதமானது. 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம். அதை உங்கள் தலையில் கட்டுகிறார்களா, கல்லாவே ஏற்கிறதா என்பதைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். ஜெயித்தால் வருமான வரி 30 சதவீதமும் செஸ்ஸும் உண்டு. தோற்ற பணத்தை அதில் கழித்துக்கொள்ள முடியாது.

சிங்கப்பூரில் கட்டுமான வேலை பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மரீனா பே சாண்ட்ஸ் கேசினோவுக்குப் போகலாம் என்று அறைத் தோழர்கள் கூப்பிடுகிறார்கள். வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் கிடையாதாமே. எந்த மேசையில் உட்காரலாம்?
– ஜெயங்கொண்டத்துக்காரர், சிங்கப்பூர்

கிடையாது என்பது சரி. ஏன் கிடையாது என்று யோசியுங்கள் தம்பி. சிங்கப்பூர் குடிமக்களிடமும் நிரந்தரவாசிகளிடமும் ஒரு நாளைக்கு 150 வெள்ளி, வருடத்துக்கு 3,000 வெள்ளி வாங்கிக்கொண்டுதான் உள்ளே விடுகிறார்கள். 2010-ல் கேசினோ திறந்தபோது 100 ஆக இருந்த நாள் கட்டணத்தை 2019-ல் 150 ஆக்கினார்கள். தன் மக்கள் யோசித்து நிற்கட்டும் என்று அரசே வாசலில் போட்ட தடை அது. கோவாவும் 2020 முதல் தன் மக்களைக் கேசினோவில் ஆட விடுவதில்லை. உரிமம் கொடுத்தவர்களுக்கே அதன் விலை தெரிந்திருக்கிறது. உங்களுக்கு வாசலில் தடை இல்லாததால் அதை நீங்களே போட்டுக்கொள்ள வேண்டும்.

மேசை கேட்டீர்கள். பக்கரா என்ற சீட்டாட்டத்தில் 'பேங்கர்' பந்தயத்தின் கல்லாப் பங்கு நூற்றுக்கு 1.06, 'பிளேயர்' 1.24. அதே மேசையில், அதே சீட்டில், 'டை' மீது வைத்தால் 14.36. ஒரு சாண் தள்ளிக் காசு வைத்தால் விலை பதிமூன்று மடங்கு. ஒன்றுக்கு எட்டு என்ற பரிசைப் பார்த்துக் கை அங்கே போகும், விடாதீர்கள். மூன்று தாயம் உருட்டும் சிக் போவில் 'பெரிது', 'சிறிது' இரண்டுக்கும் 2.78.

மேசையில் எழுதியிருக்கும் குறைந்தபட்சப் பந்தயத்தை உங்கள் ஒரு நாள் சம்பளத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு கை என்பது ஒரு நிமிடம்கூட ஆகாது. போனால் நிறுத்த முடியவில்லை என்று தெரிந்தால், தன்னைத் தானே தடைசெய்துகொள்ள சிங்கப்பூரின் தேசியச் சூதாட்டப் பிரச்சினைக் கழகத்தில் வழி இருக்கிறது. வெளிநாட்டுத் தொழிலாளரும் விண்ணப்பிக்கலாம்.

நான் கேசினோ பக்கமே போனதில்லை. அங்கே இருந்த வருடங்களில் வாரம் இரண்டு வெள்ளிக்கு ஃபோர்-டி மட்டும் எடுப்பேன். அது பரவாயில்லைதானே?
– சிங்கப்பூரிலிருந்து திரும்பியவர், உடையார்பாளையம்

செலவு குறைவு, விலை அதிகம். இந்த நான்கு இலக்க லாட்டரியில் 0000 முதல் 9999 வரை பத்தாயிரம் எண்கள். எல்லா எண்ணையும் ஒரு வெள்ளி வீதம் 'பிக்' பந்தயத்தில் வாங்கினால் 10,000 வெள்ளி. முதல் பரிசு 2,000, இரண்டாவது 1,000, மூன்றாவது 490, தொடக்கப் பரிசு பத்துப் பேருக்கு 250, ஆறுதல் பரிசு பத்துப் பேருக்கு 60. கூட்டினால் 6,590. நூற்றுக்கு 34 வெள்ளி போய்விட்டது. 'ஸ்மால்' பந்தயத்தில் 42. கேசினோ மேசையில் ஒன்றரை வெள்ளிக்கும் குறைவாகப் போகும் இடங்கள் இருக்க, பெட்டிக்கடைச் சீட்டில் முப்பத்து நான்கு. எங்கே சின்னக் காசு வாங்குகிறார்களோ அங்கேதான் பங்கு பெரிதாக இருக்கும். லாட்டரி எல்லா ஊரிலும் இப்படித்தான். நீங்கள் வாரம் இரண்டு வெள்ளியோடு நிறுத்தியதுதான் உங்களைக் காப்பாற்றியது.

மூணு நம்பர் லாட்டரி?
– சிமெண்ட் ஆலை ஒப்பந்தத் தொழிலாளி, அரியலூர்

000 முதல் 999 வரை ஆயிரம் எண்கள். உங்கள் எண் விழ ஆயிரத்தில் ஒரு வாய்ப்பு. 60 ரூபாய் வாங்கிக்கொண்டு 25,000 தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், ஆயிரம் சீட்டுக்கு அவருக்கு வருவது 60,000, போவது 25,000. நூற்றுக்கு 58 ரூபாய் அவருக்கு. இந்தத் தொகுப்பில் வரும் பந்தயங்களிலேயே இதுதான் கொள்ளை விலை.

தமிழ்நாட்டில் லாட்டரிக்கு 2003 ஜனவரியிலிருந்து தடை. கேரளக் குலுக்கலின் கடைசி மூன்று எண்ணை வைத்து இங்கே நடப்பது வெறும் துண்டுச்சீட்டு வியாபாரம். கேரள அரசுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. விற்றவர் மறுநாள் ஊரில் இல்லையென்றால் பரிசை யாரிடம் கேட்பீர்கள்? ஷிப்ட் முடிந்து வரும் வழியில் விற்கிறார்கள் என்றால் அது தற்செயல் இல்லை. சம்பளம் கையில் இருக்கும் இடத்தைப் பார்த்தே நிற்கிறார்கள்.

கேரளாவுக்கே போய் அரசு லாட்டரி வாங்கினால்? தமிழ்நாட்டுக்காரர்களுக்கு 25 கோடி விழுந்ததே!
– ஓட்டுநர், பாடாலூர்

2023 திருவோணம் பம்பரில் விழுந்தது உண்மை, நால்வர் சேர்ந்து வாங்கியது. அந்த வருடம் விற்ற சீட்டு 70 லட்சத்துக்கும் மேல். ஒரு சீட்டு செய்தியாயிற்று. மற்றவை பற்றி எந்தப் பேப்பரும் எழுதவில்லை. கேரளாவில் கேரள அரசுச் சீட்டை வாங்குவது சட்டப்படி சரி. அதற்காக வண்டிக்கு டீசல் போட்டுக்கொண்டு போகாதீர்கள்.

எங்கள் பக்கத் திருவிழாவில் ஆறு படம் போட்ட துணி விரித்து, மூன்று கட்டை உருட்டுவார்கள். நம் படம் ஒரு கட்டையில் விழுந்தால் வைத்த காசுக்கு ஒரு பங்கு, இரண்டில் விழுந்தால் இரண்டு, மூன்றிலும் விழுந்தால் மூன்று. ஆறு படத்துக்கு மூன்று கட்டை. பாதிக்குப் பாதி வாய்ப்பு, இரட்டைப் பரிசு வேறு. நியாயமான ஆட்டம்தானே?
– வாசகர், செந்துறை

கேட்பதற்கு அப்படித்தான் இருக்கும். இந்த ஆட்டம் பல நாடுகளில் பல பேரில் பிழைத்திருப்பதே அதனால்தான். உட்கார்ந்து எண்ணுவோம்.

மூன்று கட்டையும் சேர்ந்து விழும் விதங்கள் 6 × 6 × 6 = 216. உங்கள் படம் ஒன்றில்கூட விழாத விதங்கள் 5 × 5 × 5 = 125. ஆக 125-ல் தோல்வி, 91-ல்தான் வெற்றி. பாதி என்றால் 108 இருந்திருக்க வேண்டும். அந்த 91-லும் ஒற்றையாக விழுவது 75, ஜோடியாக 15, மூன்றும் ஒன்றாக விழுவது ஒரே ஒரு விதம். சுற்றுக்கு 10 ரூபாய் என்று 216 சுற்று வைத்தால் வரவு 750 + 300 + 30 = 1,080. போனது 1,250. நஷ்டம் 170 ரூபாய். வைத்த பணத்தில் நூற்றுக்கு 7.87.

இப்போது துணிக்காரர் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். ஆறு பேர் ஆறு படத்திலும் பத்துப் பத்து ரூபாய் வைத்திருக்கிறார்கள். கட்டைகள் மூன்று வெவ்வேறு படமாக விழுந்தால், தோற்ற மூவரிடம் 30 வாங்கி ஜெயித்த மூவருக்கு 30 கொடுக்கிறார். அவருக்கு ஒன்றுமில்லை. ஜோடி விழுந்தால் தோற்றவர்கள் நால்வர்: 40 வரவு. ஜோடிக்காரருக்கு 20, ஒற்றைக்காரருக்கு 10, அவருக்கு லாபம் 10. மூன்றும் ஒன்றாக விழுந்தால் வரவு 50, கொடுப்பது 30, லாபம் 20. 'ஜோடி! ஜோடி!' என்று கூட்டம் கத்தி ஆர்ப்பரிக்கும் அந்தச் சுற்றில்தான் அவர் சம்பாதிக்கிறார். தோற்றவர்களையும் கைதட்ட வைத்துவிடுகிறது ஆட்டம்.

இதெல்லாம் கட்டை சரியாக இருந்தால். ஒரு பக்கம் கனம் ஏற்றிய கட்டையா என்று அந்த மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் யார் பார்ப்பது?

தோற்றால் அடுத்த பந்தயத்தை இரட்டிப்பாக்கு, என்றைக்காவது ஜெயித்தால் எல்லாம் திரும்பிவிடும் என்கிறார் என் மச்சான். தப்பே தெரியவில்லையே?
– வாசகர், அரும்பாவூர்

தப்பு எட்டாவது படியில் இருக்கிறது. 100 ரூபாயில் தொடங்குங்கள்: 100, 200, 400, 800, 1,600, 3,200, 6,400. ஏழு முறை தொடர்ந்து தோற்றால் போனது 12,700. எட்டாவது பந்தயத்துக்கு 12,800 வேண்டும். அதை ஜெயித்தால் மொத்த லாபம் எவ்வளவு? அதே 100 ரூபாய். கையில் பணம் தீரும் அல்லது மேசையின் உச்சவரம்பு தடுக்கும்.

ஒற்றைப் பூஜ்யச் சக்கரத்தில் சிவப்பு, கருப்பு ஆட்டத்தில் ஏழு முறை தொடர்ந்து தோற்பது சுமார் 106 முயற்சிக்கு ஒருமுறை நடக்கும். 105 முறை நூறு நூறாக 10,500 சேர்ப்பீர்கள். ஒருமுறை 12,700 விடுவீர்கள். மச்சான் அந்த 105-க்குள் எங்கோ இருக்கிறார். அவரை இப்போதே நிறுத்தச் சொல்லுங்கள்.

ஐந்து முறை தொடர்ந்து கருப்பு விழுந்தால் அடுத்தது சிவப்பு விழ வாய்ப்பு அதிகம்தானே?
– வாசகர், குன்னம்

இல்லை. சக்கரத்துக்கு ஞாபகம் கிடையாது. 1913 ஆகஸ்ட் 18-ல் மான்டி கார்லோ கேசினோவில் 26 முறை தொடர்ந்து கருப்பு விழுந்தது. 'இனி சிவப்புதான்' என்று பந்தயத்தை ஏற்றிக்கொண்டே போனவர்கள் பெரும் பணத்தை இழந்தார்கள்.

உள்ளே வெளியே ஆட்டத்தில் எந்தப் பக்கம் வைப்பது லாபம்?
– வாசகர், தா.பழூர்

முதல் சீட்டு விழுகிற பக்கம். அந்தப் பக்கம் ஜெயிக்க நூற்றுக்கு 51.5, மறுபக்கம் 48.5. கேசினோக்காரருக்கு இது தெரியும். அதனால் முதல் பக்கத்துக்கு 100-க்கு 90 என்று பரிசைக் குறைத்துக் கொடுக்கும் மேசைகள் உண்டு. அப்படிக் கொடுத்தால் முதல் பக்கத்தின் விலை சுமார் 2.15, மறுபக்கம் 3. இரண்டுமே கல்லாவுக்கு. ஊரில் காசு வைத்து ஆடினால் 1930-ஆம் ஆண்டுச் சூதாட்டத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. முதல் சீட்டு எந்தப் பக்கம் என்று போலீஸ் கேட்காது.

பிளாக்ஜாக்கில் மட்டும் திறமை செல்லுமாமே?
– பொறியியல் பட்டதாரி, பெரம்பலூர்

ஓரளவு. எந்தக் கைக்கு சீட்டு வாங்குவது, எந்தக் கைக்கு நிறுத்துவது என்று கணக்கிட்ட அட்டவணை இருக்கிறது. அதைப் பிசகாமல் பின்பற்றினால் கல்லாப் பங்கு நூற்றுக்கு சுமார் அரை ரூபாய்க்கு இறங்கும். எட்வர்ட் தோர்ப் என்ற கணித அறிஞர் 1962-ல் எழுதிய புத்தகத்தில், வெளியேறிய சீட்டுகளை எண்ணியே கல்லாவை மிஞ்சலாம் என்று காட்டினார். கேசினோக்கள் சும்மா இருக்கவில்லை. சீட்டுக்கட்டுகளைக் கூட்டின, எண்ணுபவர்களை வெளியேற்றின.

உட்காருமுன் மேசைத் துணியைப் படியுங்கள். பிளாக்ஜாக் வந்தால் 3-க்கு 2 என்றிருந்தால் 1,000-க்கு 1,500. 6-க்கு 5 என்றிருந்தால் 1,200. இந்த ஒரு வரி உங்கள் அரை ரூபாய் விலையைக் கிட்டத்தட்ட இரண்டு ரூபாயாக்கிவிடும். 'இன்ஷூரன்ஸ்' என்ற பக்கப் பந்தயம் வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

ரம்மி திறமை விளையாட்டு என்று கோர்ட்டே சொல்லியிருக்கிறதே. அப்புறம் ஏன் தடை?
– வாசகர், ஜெயங்கொண்டம்

சொல்லியிருக்கிறது. தமிழ்நாடு அரசின் 2022-ஆம் ஆண்டு ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டத்தை 2023 நவம்பரில் ஆராய்ந்த சென்னை உயர் நீதிமன்றம், சட்டத்தைப் பெருமளவு ஏற்றாலும் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட விளையாட்டுப் பட்டியலில் சேர்த்ததை ஏற்கவில்லை. பிறகு நாடாளுமன்றம் நிறைவேற்றி, 2025 ஆகஸ்ட் 22-ல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்த சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்று பார்க்காமல் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டம் அனைத்தையும் தடைசெய்கிறது. நடத்துபவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம்.

சட்டத்தை விடுங்கள், கணக்கைப் பாருங்கள். நான்கு பேர் நூறு நூறு வைத்து ஆடினால் 400. அதில் நடத்துபவர் முதலில் தன் பங்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத்தான் ஜெயித்தவருக்குத் தருவார். திறமை அந்த மிச்சம் யாருக்கு என்று தீர்மானிக்கும். எடுத்த பங்கைத் திரும்பக் கொண்டுவராது. நீங்கள் மற்ற மூவரைவிடக் கொஞ்சம் நன்றாக ஆடினால் போதாது. அந்தப் பங்கையும் தாண்டும் அளவுக்கு நன்றாக ஆட வேண்டும்.

டெலிகிராமில் வந்த லிங்கில் கலர் சொல்லும் ஆட்டம் ஆடினேன். 200 போட்டு 900 எடுத்தேன். பணம் அக்கவுண்டுக்கும் வந்தது. ஆகவே நம்பலாம்தானே?
– கடை ஊழியர், பெரம்பலூர்

அந்த 900 ரூபாய்தான் உங்கள் மீது அவர்கள் செய்த முதலீடு. திருக்குறளில் சூது என்னும் 94-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். தோற்றவனுக்கு முன்னால், ஜெயித்தவனைத்தான் வள்ளுவர் முதலில் எச்சரிக்கிறார்.

சக்கரத்தில் எண்களை எண்ணலாம், கட்டையின் பக்கங்களை எண்ணலாம். இந்த ஆப்பில் எண்ண ஒன்றுமில்லை. எந்தக் கலர் வரவேண்டும் என்பதை, யார் எவ்வளவு வைத்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டே அதை நடத்துபவரால் முடிவு செய்ய முடியும். விலையே தெரிந்துகொள்ள முடியாத பந்தயத்தில் புத்திசாலிப் பந்தயம் என்று ஒன்று கிடையாது. 'பணம் எடுக்க முதலில் வரி கட்டு' என்று கேட்டால் ஒரு பைசா கட்டாதீர்கள்; உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைத்துப் புகார் கொடுங்கள். ஏமாந்த முதல் சில மணி நேரம்தான் பணத்தை முடக்க வாய்ப்புள்ள நேரம்.

ஏலச்சீட்டும் சூதாட்டம் மாதிரிதானே?
– மளிகைக்கடைக்காரர், லப்பைக்குடிக்காடு

இல்லை. சீட்டில் போட்ட பணம் உறுப்பினர்களுக்குள்ளேயே சுற்றி வருகிறது, எல்லோருக்கும் ஒரு முறை உண்டு. நடத்துபவரின் கமிஷனுக்கும் சட்டம் வரம்பு வைத்திருக்கிறது. 2019 திருத்தத்தில் 5 சதவீதம் 7 ஆனது. ஆபத்து பதிவு செய்யாத சீட்டில் இருக்கிறது. பதிவு எண் கேளுங்கள்.

பங்குச்சந்தை எஃப் அண்ட் ஓ?
– தனியார் நிறுவன ஊழியர், அரியலூர்

2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளை ஆராய்ந்த பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி, எஃப் அண்ட் ஓ எனப்படும் முன்பேர ஒப்பந்தங்களில் ஈடுபட்ட தனிநபர்களில் நூற்றுக்கு 93 பேர் நஷ்டப்பட்டதாகச் சொன்னது. மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடிக்கு மேல். நல்ல நிறுவனத்தின் பங்கை வாங்கி வருடக்கணக்கில் வைத்திருப்பது வேறு. இந்த வாரத்துக்குள் ஏறுமா இறங்குமா என்று காசு வைப்பது வேறு.

சின்ன வெங்காயம் போடுகிறேன். ஒரு வருடம் விலை கூரையைத் தொடும், மறு வருடம் பறிக்கும் கூலிக்கே தேறாது. இதைவிடப் பெரிய சூதாட்டம் எது? எங்களைப் பார்த்து மட்டும் ஆடாதே என்கிறீர்களே!
– விவசாயி, செட்டிகுளம்

உங்கள் கோபம் நியாயம் ஐயா. ஆனால் உங்கள் தொழிலைச் சூதாட்டம் என்று நீங்களே சொல்லாதீர்கள். மேசையில் ஆறு பேர் பணம் வைத்தால், சுற்று முடிந்தபின் அந்த ஆறு பேர் பணத்தில் கல்லாப் பங்கு போக மிச்சம் இருக்கும். புதிதாக எதுவும் விளையாது. உங்கள் வயலில் விதைக்காய் நட்டால் பல மடங்கு காய் வருகிறது. யாரோ ஒருவர் வீட்டில் சாம்பார் கொதிக்கிறது. சூதாட்டத்தில் உங்கள் அனுபவம் சக்கரத்தை அசைக்காது. வயலில் எந்தப் பட்டத்தில் நடுவது, எவ்வளவைப் பட்டறையில் போட்டு விலைக்குக் காத்திருப்பது, எவ்வளவு நிலத்தில் மக்காச்சோளம் போடுவது என்று நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு முடிவும் ஆபத்தைக் குறைக்கிறது.

பயிர்க் காப்பீட்டையும் இதே கண்ணால் பாருங்கள். பிரதமரின் திட்டத்தில் விவசாயி கட்டும் பங்குக்கு வரம்பு உண்டு: காரீப் உணவுப் பயிருக்கு 2 சதவீதம், ராபிக்கு 1.5, தோட்டக்கலை மற்றும் பணப்பயிருக்கு 5. அதுவும் விலை கொடுத்து வாங்குவதுதான். ஆனால் அங்கே காசு கொடுத்து ஆபத்தை விற்கிறீர்கள். சூதாட்டத்தில் காசு கொடுத்து ஆபத்தை வாங்குகிறார்கள். ஏற்கெனவே வானத்தையும் மார்க்கெட்டையும் சுமப்பவர்களுக்கு மூன்றாவதாக ஒன்று எதற்கு?

மகன் செல்போனில் ஆடி மூன்று லட்சம் விட்டுவிட்டான். நகையை அடகு வைத்து ஒரே ஒரு முறை கொடு, எல்லாவற்றையும் மீட்டுவிடுகிறேன் என்று அழுகிறான். என்ன செய்வது?
– ஒரு தாய், ஆண்டிமடம்

நகையைக் கொடுக்காதீர்கள் அம்மா. மகனைக் கைவிடவும் செய்யாதீர்கள். போன மூன்று லட்சத்துக்கும் அடுத்து வைக்கப்போகும் பணத்துக்கும் தொடர்பில்லை. அடுத்த பந்தயமும் அதே விலைக்குத்தான் வரும். 'விட்ட இடத்தில் பிடிப்பது' என்ற நினைப்புதான் இந்த நோயின் முக்கிய அடையாளம். நோய் என்றே சொல்கிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் இதற்கு இடம் உண்டு, சிகிச்சையும் உண்டு.

இன்றைக்கே செய்ய வேண்டியவை. அவன் பக்கத்தில் உட்கார்ந்து, யார் யாருக்கு எவ்வளவு கடன் என்று ஒரே தாளில் எழுதச் சொல்லுங்கள். திட்டாமல் கேட்டால்தான் முழுத் தொகையும் வெளியே வரும். சம்பளக் கணக்கு, யு.பி.ஐ. இரண்டையும் சில மாதங்களுக்கு வீட்டில் வேறொருவர் பார்த்துக்கொள்ள அவன் சம்மதத்தோடு ஏற்பாடு செய்யுங்கள். கடன்காரர்களிடம் தவணை பேச அவனைத் தனியே அனுப்பாதீர்கள், கூடப் போங்கள். 14416 என்ற டெலி-மனஸ் எண்ணுக்கு எந்த நேரத்திலும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள். அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் மனநல மருத்துவரைக் கேட்டுப் பாருங்கள். 'உயிரோடு இருக்கப் பிடிக்கவில்லை' என்ற பேச்சு வந்தால் அதை நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வளராது. அன்றைக்கு அவனைத் தனியே விடாதீர்கள். மூன்று லட்சம் பெரிய தொகைதான், வருடக்கணக்கில் அடைத்துவிடலாம்.

பத்தாம் வகுப்புக்கு நிகழ்தகவு நடத்துகிறேன். கேசினோக் கணக்கையெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தால் ஆசை வந்துவிடாதா?
– கணித ஆசிரியை, கீழப்பழுவூர்

கணக்கு தெரியாமல் வரும் ஆசைதான் ஆபத்தானது, டீச்சர். நீங்கள் நடத்தும் பாடமே ஒரு சூதாடியின் சந்தேகத்திலிருந்து வளர்ந்தது. ஒரு தாயத்தை நான்கு முறை உருட்டினால் ஒரு முறையாவது ஆறு விழும் என்று வைத்தால் லாபம் வருகிறது. இரண்டு தாயத்தை 24 முறை உருட்டி இரட்டை ஆறு விழும் என்று வைத்தால் நஷ்டம் வருகிறது, ஏன் என்ற கேள்வி. முதலாவதற்கு வாய்ப்பு நூற்றுக்கு 51.8, இரண்டாவதற்கு 49.1. இந்த மாதிரிக் கேள்விகளைப் பற்றி 1654-ல் பாஸ்கலும் ஃபெர்மாவும் எழுதிக்கொண்ட கடிதங்களில்தான் நிகழ்தகவு ஒரு கணிதமாக உருவெடுத்தது.

வகுப்பை ஆறு ஆறு பேராகப் பிரியுங்கள். குழுவுக்கு மூன்று தாயம், காசுக்குப் பதில் புளியங்கொட்டை. செந்துறை வாசகர் சொன்ன ஆறு பட ஆட்டத்தையே ஆடவிடுங்கள். துணிக்காரராக உட்காரும் பிள்ளை ஒவ்வொரு சுற்றிலும் தனக்கு வந்ததை எழுதி வைக்கட்டும். மணி அடிக்கும்போது கொட்டை எந்தப் பக்கம் சேர்ந்திருக்கிறது என்று அவர்களே பார்ப்பார்கள். அப்புறம் கரும்பலகையில் 216-ஐ எழுதி, 125-ஐக் கழியுங்கள். ஒரு யோசனை: இந்தப் பாடத்தைப் பொதுத்தேர்வுக்கு முன் எப்போது வேண்டுமானாலும் நடத்தலாம், ஊர்த் திருவிழாவுக்கு முன்னால் நடத்திவிடுங்கள்.